பேஸ் நின்ற இடம்

ஊசி இறங்கிவிட்டது, இனிப் பேசக் கூடாது. தட்டின் ஓரத்தில் முதற் கரகரப்பு எழுந்ததும் ஸ்ரீகரன் உதட்டின்மேல் விரலை வைத்து எங்கள் மூவரையும் பார்த்தான், என்னைச் சற்று அதிகமாகவே பார்த்தான், வகுப்பில் குழப்படி செய்த பிள்ளையைப் பார்ப்பதுபோல. அவனைவிடப் பத்து வயது மூத்தவள் நான். சட்டம் சட்டந்தான். தட்டின் ஒரு பக்கம் ஓடி முடியும்வரை லண்டன் ஈஸ்ட்ஹாமில் உள்ள அவனுடைய இந்த முன்னறையில் எவரும் வாய் திறப்பதில்லை, கோப்பையை வைத்தாலும் ஓசையின்றி வைக்க வேண்டும், பற்றீஸைக் கடித்தாலும் மெதுவாகக் கடிக்க வேண்டும். எங்கள் இசைத்தட்டு வட்டம் தொடங்கிய முதல் ஆண்டிலேயே அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவள் நானே. ஆண்கள் பாட்டுக்கு மேலே பேசிப் பேசிப் பாட்டைக் கொல்கிறார்கள் என்று நான்தான் முறையிட்டேன். நான் தைத்த வாய்க்கட்டு இன்று என் முகத்துக்கே சரியாகப் பொருந்தியிருக்கிறது. இந்தப் பக்கத்தில் நான்கு பாட்டு. நான்கும் முடிந்து ஊசி எழுந்ததும் நான் விடை சொல்ல வேண்டும்: அந்த மனிதனுக்குப் பொன்னாடை போர்த்துவேனா, மாட்டேனா. "பக்கம் முடியட்டும் அக்கா, ஆறுதலா யோசிச்சுச் சொல்லுங்கோ," என்றிருந்தான் ஸ்ரீகரன், இறக்குமுன் ஊசிக் கையைத் தூக்கிப் பிடித்தபடி. ஆறுதலாக! கொதிக்கிற உலையை மூடியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஆறுதலாகக் கொதி என்று சொல்வதற்கு எவ்வளவு நல்ல மனம் வேண்டும்.

முதற் பாட்டு. டின் மாஜிஸ்ட்ரேட்ஸ். பங்க் என்ற முரட்டு ராக் இசை வாசித்த லீட்ஸ் நகரத்து நால்வர், மூன்று ஆணும் ஒரு பெண்ணும். எழுபத்தொன்பதாம் ஆண்டு வட லண்டனில், முன்பு பிங்கோ ஆடிய ஒரு பழைய மண்டபத்தில் நடந்த கச்சேரியின் நேரடிப் பதிவு. முதலில் டிரம், தகர வாளியை யாரோ மாடிப்படியில் உருட்டிவிட்டதுபோல. பின்னர் கிட்டார், அறுந்த தகட்டின் விளிம்பு. அதன் பின்னர்தான் பேஸ், அடிச்சுரம் வாசிக்கிற கனத்த கிட்டார், வருகிறது. அவசரம் சிறிதும் இல்லாத, ஆயினும் எவருக்கும் வழிவிடாத நடை, நெரிசலான சந்தைக்குள் நிறைந்த கூடையோடு நுழைகிற பெண்ணின் நடை. என் கால் தாளம் போடுகிறது. நிறுத்து. ஏன் நிறுத்த வேண்டும்? அந்த நடைக்கு என்னைவிட உரிமை உள்ளவர் இந்த அறையில் வேறு யார்? இந்தத் தட்டை எரிக்க வேண்டும் என்றோ, இதைக் கேட்பவன் பாவி என்றோ நான் சொன்னேனா? எங்கள் வட்டத்தின் மூத்தவர் அருமைநாயகம் அண்ணை அப்படித்தான் திரித்தார்: "அப்ப நாங்கள் ஒரு பாட்டும் கேக்கேலாது, புனிதம். பாடினவன் எல்லாம் நல்லவனோ எண்டு பொலிஸ் ரிப்போட் எடுத்துப்போட்டோ கேக்கிறது?" நான் சொன்னது அதுவன்று. பாட்டைக் கேட்பது வேறு, பாடினவனின் தோளில் பட்டைப் போர்த்துவது வேறு. மாம்பழத்தைத் தின்னலாம், வேலிக்கு முள்ளுக்கம்பி கட்டிப் பிள்ளைகளைக் கிழித்த தோட்டக்காரனுக்கு மாலை போட வேண்டியதில்லை. இவ்வளவு எளிய நீதி எழுபது வயது மனிதருக்கு ஏன் விளங்கவில்லை? விளங்கியிருக்கும். விளங்கிய பிறகுதான் பொலிஸ் ரிப்போட்டைப் பற்றிய பகிடி வந்தது.

அதற்கு முன்வரை எவ்வளவு சந்தோஷமாக இருந்தோம் என்பதுதான் என்னை இன்னும் எரிக்கிறது. வழக்கமான ஞாயிற்றுக்கிழமைச் சண்டை. ஜெறோம், எங்களுள் இளையவன், நாற்பதைத் தொடும் மன்னார்ப் பையன், வந்ததும் வராததுமாகத் தொடங்கினான்: "ரெண்டாவது ஆல்பத்தோட பங்க் செத்துப்போச்சு அண்ணை. கீபோர்ட் வாங்கின அண்டைக்கே அடக்கம் முடிஞ்சுது." அருமையண்ணை விடுவாரா? "கிட்டார் மூண்டு பிடிக்கு மேல போனா உமக்குத் தலை சுத்துது. அதுக்குப் பேர் ரசனையில்லை ஜெறோம், பிறஷர்." ஸ்ரீகரன் நடுவர்போலக் கையை உயர்த்தினான்: "மான்செஸ்டர்காரர் மழையைப் பாடினவை. லீட்ஸ்காரர் சம்பளத்தைப் பாடினவை. அவ்வளவுதான் வித்தியாசம்." "அப்ப ஷெஃபீல்ட்காரர்?" என்றேன் நான். "அவை மெஷினைப் பாடச் சொல்லிப்போட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனவை, அக்கா." நான் கண்ணில் நீர் வரச் சிரித்தேன். சிரித்த வாய் மூடுமுன் அருமையண்ணை செய்தியை அவிழ்த்தார்: வட்டத்தின் பத்தாவது ஆண்டு விழாவுக்கு நூலக மண்டபம் கிடைத்துவிட்டது, டின் மாஜிஸ்ட்ரேட்ஸ் பாடகர் டெரிக் ஸ்லேட் வருவதாக ஒத்துக்கொண்டுவிட்டார், தமிழ் முறைப்படி பொன்னாடை போர்த்திக் கௌரவிக்கப் போகிறோம், "அதுவும் நீர்தான் புனிதம் போர்த்த வேணும். அந்தக் கச்சேரிக்குப் போன ஒரே தமிழ் ஆள் நீர். படம் எடுத்துப் போட்டா எப்பிடி இருக்கும்!" ஆம், நான் போயிருந்தேன். பத்து ஆண்டாக அதை இவர்கள் பெருமையாகச் சொல்லித் திரிகிறார்கள், புதிதாக எவராவது வந்தால் அருங்காட்சியகப் பொருளைக் காட்டுவதுபோல என்னைக் காட்டுகிறார்கள்: "அக்கா அங்க நிண்டவ!" நின்று என்ன கண்டாய் என்று பத்து ஆண்டில் ஒருவர் கேட்டதில்லை. இன்று, ஆடை என்ற பேச்சு வந்தபின், கேளாமலே சொன்னேன்.

இரண்டாம் பாட்டு தொடங்கிவிட்டது. ஆலை மூடுவதைப் பற்றிய பாட்டு. கூட்டத்தின் இரைச்சல் இதில்தான் முதன்முறையாகத் தட்டில் கேட்கும், "அந்த எனர்ஜி!" என்பான் ஸ்ரீகரன். அந்த எனர்ஜிக்கு முகங்கள் உண்டு, ஸ்ரீகரா. மேடைக்கு முன்னால் மொட்டைத் தலையோடு, தோள்வார் போட்ட காற்சட்டையோடு, இருபது பேர், முப்பது பேர். அவர்கள் கையை நீட்டிப் பிடித்த விதம் நாஜிகளைப் பற்றிய எந்தச் சலனப்படத்திலும் நீ கண்ட விதந்தான். அண்ணாவும் நானும் பின்சுவரோரம் நின்றோம். அண்ணாவின் நண்பன் எவனோ கொடுத்த இரண்டு நுழைவுச்சீட்டு, எனக்குப் பத்தொன்பது வயது, லண்டனுக்கு வந்து இரண்டாவது குளிர்காலம், வீட்டில் அம்மாவிடம் கல்லூரியில் விரிவுரை என்று சொல்லியிருந்தோம். முதலில் ஒருவன் திரும்பினான். பிறகு அவனுக்குப் பக்கத்தில் இருந்தவன். கூட்டம் எங்களைச் சுற்றி விலகியது, தண்ணீரில் எண்ணெய் விழுந்தால் விலகுவதுபோல ஒரு வட்டம், அந்த வட்டத்தின் நடுவில் நாங்கள் இருவரும், என் பச்சைக் கோட்டில் எவனுடைய எச்சிலோ. நாலாம் பாட்டு அப்போது நடந்துகொண்டிருந்தது. மேடையில் இருந்து டெரிக் ஸ்லேட் எங்களைக் கண்டான். கண்டான், மண்டப விளக்கு அவன் முகத்திலும் அடித்தது, எங்கள் முகத்திலும் அடித்தது. பாடுவதை நிறுத்தி, ஒலிவாங்கியில் வாயை வைத்து, "இன்றைக்கு விருந்தாளிகள் வந்திருக்கிறார்கள் போல" என்றான், சிரித்தான், முன்னால் நின்றவர்கள் சிரித்தார்கள், பிறகு பாட்டை முன்னிலும் வேகமாக எடுத்தான். அவன் கையை நீட்டவில்லை. அதைத்தான் அருமையண்ணை பிடித்துக்கொண்டார்: "அவர் கை நீட்டினவரோ? இல்லைத்தானே. அந்தக் காலத்துப் பகிடி அது, புனிதம். நக்கல். சனத்தை நோண்டிப் பாக்கிற கலை." எங்களை நோண்டித்தான் பார்த்தார்கள், அண்ணை. எச்சிலைத் துடைக்க அண்ணா எடுத்த கைக்குட்டையில் அந்தக் கலை ஒட்டிக்கொண்டு வந்தது.

அதற்கடுத்த கணந்தான் இவர்கள் ஒரு யுகமாகக் கும்பிடும் கணம். நாலாம் பாட்டின் நடுவில், 'டொப்' என்று ஒரு சத்தம். அதன்பின் பேஸ் இல்லை. பாட்டு முடியும்வரை இல்லை. டிரம்மும் கிட்டாரும் டெரிக்கின் குரலும் தரையில்லாத வீட்டில் நடப்பதுபோல நடந்து முடிகின்றன. அந்த 'டொப்'பைப் பற்றி இந்த அறையில் பேசப்பட்டவற்றைத் தொகுத்தால் ஒரு புராணம் ஆகும். வெறுமையைத் துணிவோடு கைக்கொண்ட முதற் பாட்டு என்பார் அருமையண்ணை. பங்க் செத்து போஸ்ட்-பங்க் பிறந்த இடம் அதுதான், தொப்புள்கொடி வெட்டின சத்தம் என்றான் ஒருநாள் ஜெறோம், பைபிள் வாசிக்கிறவன் குரலில். பதிவு முடிந்து கலக்கும்போது வேண்டுமென்றே பேஸை எடுத்துவிட்டோம், கேட்பவன் காலுக்குக் கீழே நிலம் போக வேண்டும் என்று விரும்பினோம் என்று தட்டின் உறையில் தயாரிப்பாளர் எழுதிவைத்திருக்கிறார். பொய். அது மொரீன் தன் கிட்டாரை ஒலிபெருக்கியோடு இணைத்த கம்பியைப் பிடுங்கிய சத்தம். மொரீன் பிக்ஃபோர்ட், பேஸ் வாசித்தவள், அந்த நால்வரில் ஒரே பெண். வேகமாக எடுத்த பாட்டில் அவள் சேரவில்லை. கம்பியைப் பிடுங்கினாள், கிட்டாரைக் கிடத்தினாள், மேடையில் இருந்து குதித்தாள், அந்த வெறும் வட்டத்துக்குள் நடந்து வந்து என் கோட்டுக் கையைப் பிடித்தாள். அண்ணாவுக்குத் தலையால் சைகை காட்டினாள். பக்க வாசலால் எங்களை வெளியே கொண்டுபோனாள். பாட்டு எங்கள் முதுகுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. பஸ் தரிப்பில் எங்களோடு நின்றாள், மேலங்கி மண்டபத்துக்குள் கிடக்க, குளிரில் முழங்கை இரண்டையும் பிடித்துக்கொண்டு. கை நடுங்குகிறது, இதைப் பற்றவைத்துத் தா என்று சிகரெட்டை நீட்டினாள். வாழ்நாளில் சிகரெட் தொடாத நான் தீக்குச்சி கிழித்தேன், காற்று அணைத்தது, மறுபடி கிழித்தேன், அணைத்தது, அண்ணா கோட்டை விரித்து மறைப்புக் கட்டினான். பஸ் வந்தது. அவள் கையசைக்கவில்லை, நாங்கள் ஏறிவிட்டோமா என்று மட்டும் பார்த்தாள்.

இதைத்தான் சொன்னேன், ஊசி இறங்குவதற்கு முன்னால், இந்த மூவருக்கும். அருமையண்ணை உறையைத் தூக்கிக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "புனிதம், நீர் பொய் சொல்லுறீர் எண்டு நான் சொல்லேல்லை. ஆனா அப்ப உமக்குப் பத்தொன்பது. பயந்துபோய் நிண்டிருப்பீர். பின்னுக்கு நிண்டு மேடையில ஆர் எதைப் பிடுங்கினதெண்டு எப்பிடித் தெரியும்? தயாரிப்பாளரே தன்ர கையால எழுதியிருக்கிறார்." ஸ்ரீகரன் இன்னும் மென்மையாக: "ரெண்டும் உண்மையா இருக்கலாம்தானே, அக்கா." ஜெறோம் பற்றீஸைப் பார்த்துக்கொண்டிருந்தான். என் வாழ்வின் முப்பது ஆண்டு நீதிமன்றங்களில் மொழிபெயர்ப்பாளராகக் கழிந்தது. சாட்சிக் கூண்டில் நிற்பவனுக்குப் பக்கத்தில் நின்று, அவன் சொல்வதை அவனாகவே சொல்ல வேண்டும் என்பது விதி: நான் ஓடினேன், நான் ஒளிந்தேன், என்னை அடித்தார்கள். அத்தனை ஆண்டும் என் வாயால் சொன்ன 'நான்' எதுவும் என்னுடையதன்று. இன்று என் சொந்த 'நானை' எடுத்து மேசையில் வைத்தேன். உறையைப் படித்துக் காட்டி உள்ளே வைக்கச் சொல்கிறார்கள். அங்கே நின்றவள் என்பதற்காக என்னை அழைக்கிறார்கள், அங்கே கண்டதைச் சொன்னால் நான் அங்கே சரியாக நிற்கவில்லை என்கிறார்கள்! என் கண் வேண்டாம், என் கை போதும். ஆடையைப் பிடிக்க இரண்டு கை, படத்துக்கு ஒரு கறுத்த முகம். அந்த மனிதனுக்கு இதைவிடச் சிறந்த நற்சான்று யார் கொடுக்க முடியும்? அன்றைக்கு விருந்தாளி என்று அவனால் நகைக்கப்பட்ட பெண், இன்றைக்கு விருந்து கொடுத்துப் பட்டுப் போர்த்துகிறாள். அவன் எங்கும் மன்னிப்புக் கேட்கத் தேவையே இல்லாமற் போய்விடும். என் கை அவனுக்காகக் கேட்டு, என் கையே கொடுத்தும்விடும்.

மூன்றாம் பாட்டு. பேஸ் முழுவதும் இதில்தான் முன்னால் நிற்கிறது. அவளுடைய கிட்டாரின் நிறம் என்ன? சிவப்பு. சிவப்பா? மரநிறம் என்றும் தோன்றுகிறது. கூண்டில் நின்றவர்களை வழக்குரைஞர்கள் இப்படித்தான் உரிப்பார்கள்: தாக்கியவனின் சட்டை நீலம் என்றீர்கள், முதல் வாக்குமூலத்தில் கறுப்பு என்றிருக்கிறதே, ஆகவே நீங்கள் கண்டது எதை? நான் அந்தக் கேள்வியையும் அதே அமைதியான குரலில் தமிழாக்கிக் கொடுப்பேன், கூண்டுக்குள் மனிதன் குறுகுவதைப் பக்கத்தில் நின்று பார்ப்பேன். சிவப்பு. விளக்கு சிவப்பாக இருந்திருக்கலாம். கம்பியைக் கையால் பிடுங்கினாளா, காலால் மிதித்து இழுத்தாளா? தெரியவில்லை. ஒருவேளை பேஸ் முன்னமே பழுதாகியிருந்து, அதனால்தான் அவள் இறங்கியிருந்தால்? ஒருவேளை சும்மா வெளியே போகும் வழியில் எங்களையும் இழுத்துக்கொண்டு போயிருந்தால்? இதோ, அருமையண்ணையின் குரல் என் தலைக்குள்ளேயே குடிவந்துவிட்டது, வாடகையும் கொடாமல். அண்ணா உயிரோடு இருந்தால் கேட்கலாம், இல்லை. மொரீன் எங்கே என்று எவருக்கும் தெரியாது; சொந்தக் காரணங்களுக்காக விலகினாள் என்று மூன்று சொல்லில் அவளை மூடிவிட்டார்கள். ஆகையால் நான் ஒருத்தி. நிறம் தெரியாத சாட்சி. சரி, நிறம் தெரியாது என்றே சொல்வேன். தீக்குச்சி அணைந்ததும் கந்தக நெடி மூக்கில் ஏறியதும் தெரியும். என் கோட்டுக் கையை அவள் பிடித்த இறுக்கத்தில் உள்துணி மணிக்கட்டில் முறுகியது தெரியும். கிட்டாரின் நிறத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்படி உயிர் அன்றைக்கு எனக்கு அவகாசம் தரவில்லை. உண்மை என்பது எல்லாவற்றையும் கண்டவனுடைய சொத்தன்று. கண்டதை மட்டும் சொல்பவனுடைய சொத்து.

ஓர் ஊரில் ஒரு தேர் இருந்தது என்று கற்பித்துக்கொள்வோம். திருவிழாவில் வடம் பிடித்த நூறு பேரில் ஒருவன், சில்லுக்கு முன்னே ஒரு குழந்தை விழுந்து கிடப்பதைக் காண்கிறான். கத்தினால் பறை முழக்கத்தில் கேட்காது. வடத்தை விட்டுவிட்டு ஓடுகிறான், குழந்தையை இழுத்தெடுக்கிறான். ஓர் ஆள் விட்ட வடம் சரிந்து, தேர் ஒரு பக்கமாகச் சாய்ந்து, தெருவளைவில் நின்றுவிடுகிறது. வடத்தை விட்டவன் தீட்டுச் செய்தான் என்று அவனை ஊரைவிட்டுத் துரத்துகிறார்கள். அது ஒரு தலைமுறை. அடுத்த தலைமுறையில் ஒரு புலவர் வருகிறார்: இறைவன் அந்த வளைவின் அழகைக் கண்டு சற்றே தங்க விரும்பினான், அதனால் தேர் தானே நின்றது என்று பாடுகிறார். வளைவில் மண்டபம் எழுகிறது. ஆண்டுதோறும் அவ்விடத்தில் தேரைச் சாய்த்து நிறுத்துகிறார்கள், சனம் கண்ணீர் மல்குகிறது. குழந்தையின் பெயர் இல்லை. வடத்தை விட்டவனின் பெயர் இல்லை. கேளுங்கள் ரசிகப் பெருமக்களே, கண்ணீர் பொய் என்று நான் சொல்லவில்லை; ஆனால் ஒருவன் செய்த நியாயத்தை எடுத்து, குழந்தை விழுந்ததைத் தடுக்காத சாமியின் லீலையாக எழுதிவைப்பது களவு. நீங்கள் இத்தனை ஆண்டு தொழுதது ஒரு பெண்ணின் மறுப்பை. மறுப்பு என்று தெரிந்து தொழுங்கள். அவளுடைய தீபாராதனையை அவன் முகத்துக்கு நேரே காட்டாதீர்கள். இப்படியெல்லாம் எவ்வளவு அழகாகச் சொல்கிறேன், வாயைத் திறக்காமல்.

திறக்கப் போவதில்லை என்பதும் எனக்குத் தெரியும். மூன்றாம் பாட்டின் கடைசிச் சுற்றிலேயே என் உள்ளம் தன் கோழைத்தனமான ஏற்பாட்டைச் செய்து முடித்துவிட்டது: ஊசி எழுந்ததும், முழங்கால் நோகிறது, அடுத்த பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், ஆடையை யாராவது இளையவர் போர்த்தட்டும் என்று சொல்லிவிட்டு மெல்ல எழும்புவது. விழாவன்று காய்ச்சல். அதன்பிறகு ஓரிரு ஞாயிறு வராமல் இருந்து, பிறகு வருவது. சண்டை இல்லை, பகை இல்லை, என் மனச்சாட்சியும் என் கையும் சுத்தம். ஞாயிற்றுக்கிழமையும் மிஞ்சும், ஓய்வு பெற்ற பின், என் கணவர் போன பின், இந்தப் பற்றீஸும் இந்தச் சண்டையும் தவிர ஞாயிறு என்பதற்கு எனக்கு வேறு பொருள் இல்லையே. தொலைபேசி ஒலிக்காத வீட்டில் பின்னேரம் மூன்று மணிக்கு வெயில் கம்பளத்தில் நகர்வதைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் வேறு வழி. "அக்கா கொஞ்சம் டிராமாக்காரி" என்று ஒருநாள் பெயர் விழுந்தால் பிறகு அது விலகாது. பேசாமல் எழுந்து போவது மரியாதை. பேசாமல் எழுந்து போனவள்தானே மொரீனும். அவளைப் போல நானும். அவளைப் போல. இவ்விடத்தில் என் எண்ணம் எதிலோ தட்டுப்பட்டு நிற்கிறது. அவள் பேசாமல் போனாள். ஒலிவாங்கிக்குப் போய் ஒரு சொல் சொல்லவில்லை. எங்களை வெளியே கொண்டுபோவது அவசரமாக இருந்தது, அவள் செய்தது நூறு சொல்லுக்குச் சமம், அவளைக் குறைசொல்ல என் நாக்கு எழாது. ஆனால் அவள் விட்டுச்சென்ற வெற்றிடத்தை என்ன செய்தார்கள்? எடுத்துக் கழுவிப் பொட்டுவைத்துத் துணிவான கலை என்று விற்றார்கள். பேசாமல் எழுந்து போனவளின் மௌனம், அறையில் மிஞ்சியவர்களுக்குச் சொத்தாகிவிடுகிறது. என் மௌனத்துக்கும் நாளைக்கு அருமையண்ணை உறை எழுதுவார்: பாவம், புனிதத்துக்கு முழங்கால் ஏலாமற் போச்சு, இல்லாவிட்டால் அவதான் போர்த்தியிருப்பா.

நாலாம் பாட்டு. மூவரும் நிமிர்ந்து உட்காருகிறார்கள், பூசைக்கு மணி அடித்ததுபோல. அருமையண்ணை கண்ணை மூடி ஒற்றை விரலை உயர்த்துகிறார், அந்தக் கணத்தைச் சுட்டுவதற்கு ஆயத்தமாக. ஸ்ரீகரனின் தலை முன்னால் வளைகிறது. நடை தொடங்குகிறது, கூடைக்காரி சந்தைக்குள் நுழைகிறாள், வழிவிடாமல், அவசரப்படாமல். சாட்சிக் கூண்டின் விளிம்பை இறுகப் பிடித்த எத்தனை கைகளைக் கண்டிருக்கிறேன். என் கை இப்போது கதிரையின் விளிம்பை அப்படியே பிடித்திருக்கிறது. பக்கம் முடியட்டும், முடிந்தபின் சொல். இல்லை, முடிந்தபின் அவர்கள் பெருமூச்சு விடுவார்கள், "என்ன ஒரு முடிவு!" என்பார்கள், தேநீர் சூடாக்குவார்கள், என் சொல் அந்தப் பெருமூச்சுக்குள் கரைந்துபோகும். சட்டம் இருக்கிறதே? நான் செய்த சட்டம் பாட்டைக் காப்பதற்காக. ஒரு பெண் செய்த மறுப்பை மூடிவைப்பதற்கு அது காவல் நிற்குமானால் அதை உடைக்கும் கடமையும் செய்தவளுக்கே உரியது. தட்டில் டெரிக் ஸ்லேட் பாட்டை நிறுத்துகிறான். ஒலிவாங்கிக்குள் ஏதோ முணுமுணுப்பு, கூட்டத்தின் சிரிப்பு. அந்தச் சொற்களைத் தட்டில் மங்கலாக்கியிருக்கிறார்கள், சிரிப்பை மட்டும் விட்டிருக்கிறார்கள். பாட்டு வேகமெடுக்கிறது. டொப்.

"அது மொரீன் கம்பியைப் பிடுங்கின சத்தம்," என்றேன்.

அருமையண்ணையின் விரல் மேலேயே நின்றது. ஸ்ரீகரன் தலையைத் தூக்கி, வாயசைவாலே, "அக்கா, ஊசி..." என்றான்.

"தெரியும் ஸ்ரீகரன். நான் போட்ட சட்டந்தான். இப்ப இந்த நிமிசம் இந்தப் பாட்டில பேஸ் இல்லை, கேக்குதோ? இப்ப அவ மேடையால இறங்கிறா. இப்ப எங்களிட்ட வாறா. அண்ணா எனக்கு முன்னால நிக்கிறான், அவவைக் கண்டு அவளும் அடிக்கத்தான் வாறாள் எண்டு நினைச்சு முஷ்டியைப் பொத்துறான். இப்ப என்ர கோட்டைப் பிடிக்கிறா. அவவின்ர கிட்டார் என்ன நிறம் எண்டு எனக்குத் தெரியாது. நான் அந்தாளுக்குப் போர்த்த மாட்டன். வேற ஆரும் போர்த்தினா, அந்த மண்டபத்தில எழும்பி நிண்டு, அந்தாள் முன்னாலேயே, இதைத்தான் சொல்லுவன். இங்கிலீஷிலயும் சொல்லுவன். அது எனக்கு நல்லா வரும்."

என் குரல் நடுங்கியது. நடுங்கட்டும், நடுங்கிய குரல்களைத்தான் வாழ்நாள் முழுதும் சுமந்திருக்கிறேன். ஜெறோம் கோப்பையை வைத்தான், ஓசையோடு வைத்தான். அருமையண்ணையைப் பாராமல் என்னைப் பார்த்தான்.

"அவ உங்களை எந்தப் பக்கத்தால கூட்டிக்கொண்டு போனவ, அக்கா?" என்றான். குறுக்கு விசாரணைக்காரனின் கேள்வியன்று அது. பத்து ஆண்டில் இந்த அறையில் எவராவது அந்த இரவைப் பற்றி என்னைக் கேட்ட முதற் கேள்வி.

நான் வாயெடுக்குமுன் அருமையண்ணை கதிரையின் கையில் அடித்தார். முகம் சிவந்திருந்தது. "புனிதம்! பாட்டு ஓடுது!"

"ஓடட்டும் அண்ணை," என்றேன். "அண்டைக்கும் ஓடினதுதான்."